எம்எஸ் ஜிபிஏ 3.07

ஒரு பட்டத்தில் மார்க் சரியில்லையா, இன்னொரு பட்டம் படி. நம் ஆட்கள் யாரிடம் கேட்டாலும் இந்த யோசனைதான் வரும். பி.இ. சுமாராகப் போனால் எம்.இ., அதுவும் சுமார் என்றால் எம்பிஏ. கடைசியாக வாங்கின சான்றிதழைத்தானே பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு கணக்கு. வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஓரளவு எடுபடும். அமெரிக்காவில் ஒரு இளநிலைப் பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவம்; அந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு எடுபடாது. இங்கே முதுநிலைப் பட்டமான எம்எஸ்ஸில் ஜிபிஏ, அதாவது நாலுக்குப் போடும் கிரேடு சராசரி, அடிவாங்கியவர்கள் அதைச் சரிக்கட்ட இன்னொரு எம்எஸ்ஸில் சேர்வதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது. கையில் இருக்கும் காசையெல்லாம் கொட்டி, யாரும் பெரிதாகப் பார்க்காத கட்டத்தில் போய் மார்க் வாங்குகிறார்கள்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஈசிஇ முடித்துவிட்டு எஃப்-1 விசாவில் இங்கே எம்எஸ் படிக்க வந்தேன். முடிக்கும்போது ஜிபிஏ 3.07. இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் கருவிகளைச் சோதிக்கும் வேலை கிடைத்தது. அந்த வேலை வழியாக ஆஸ்பத்திரிகளுக்குப் போகவும், நோயாளிகள் பக்கத்தில் நிற்கவும் வாய்ப்பு வந்தது. அப்புறம் கருவியை விட அதை மாட்டியிருப்பவர் மேல் கவனம் போக ஆரம்பித்துவிட்டது. இப்போது டி.ஓ. என்ற மருத்துவப் பட்டம் தரும் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவி.

நடுவில் கிரீன் கார்டு என்று ஒரு பெரிய சுவர் இருந்தது. இங்கே பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை. எஃப்-1, எச்-1பி வைத்திருப்பவர்களை எடுக்கும் கல்லூரிகள் கொஞ்சம்தான். இந்தியாவில் பிறந்தவர்கள் வேலை வழியாகக் கிரீன் கார்டு வாங்க எத்தனை வருடம் வரிசையில் நிற்கிறார்கள் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. என் கணவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கணவனோ மனைவியோ பிறந்த நாட்டின் கணக்கில் இருவரும் விண்ணப்பிக்கலாம் என்று சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. அதனால் நான் இந்திய வரிசையில் நிற்காமல் இலங்கைக் கணக்கில் வெளியே வந்தேன். "பார்த்தீரோ, என்ர பிறந்த ஊர் ஒண்டுக்காவது உதவிச்சுது" என்று அவர் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

சரி, ஜிபிஏவுக்கு வருவோம். நாலுக்கு மூன்று என்றதும் ஊரில் "எழுபத்தஞ்சு பர்சென்ட்டுக்கு மேல, நல்லாத்தான இருக்கு" என்பார்கள். பட்டமேற்படிப்பில் நிலைமை வேறு. அங்கே பி என்ற கிரேடுக்கு 3.0. பெரும்பாலான துறைகளில் மொத்த ஜிபிஏ 3.0க்குக் கீழே போனால் அகாடமிக் புரொபேஷன், அதாவது எச்சரிக்கைக் காலம். சி வாங்கினால் பல இடங்களில் அந்தப் பாடத்தைப் பட்டத்துக்குச் சேர்த்துக்கொள்ளவே மாட்டார்கள். வகுப்பில் பாதிக்கு மேல் ஏ, ஏ மைனஸ் வாங்கும் இடத்தில் 3.07 என்றால் கடைசி வரிசைக்குப் பக்கத்தில் என்று அர்த்தம். சேர்க்கைக் குழுவில் இருப்பவர்கள் பேராசிரியர்கள். அவர்களே இப்படிக் கிரேடு போடுகிறவர்கள். அவர்களுக்கு இது தெரியாதா?

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. பட்டமேற்படிப்பில் நல்ல ஜிபிஏ இருந்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, எல்லோருக்கும்தான் இருக்கிறதே என்று போய்விடுவார்கள். மோசமாக இருந்தால் மட்டும் நின்று பார்ப்பார்கள். ஏன் இப்படி என்று புரிய, விண்ணப்பம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்துக்குப் பெயர் ஆம்காஸ். (இங்கே எம்.டி. என்பது முதல் மருத்துவப் பட்டம், நம் ஊர் எம்பிபிஎஸ் இடத்தில் இருப்பது.) அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி இதை நடத்துகிறது. நீங்கள் இந்த நாட்டில் படித்த ஒவ்வொரு பாடத்தையும், தோற்றதையும் திரும்ப எழுதியதையும் சேர்த்து, ஒன்று விடாமல் அதில் ஏற்ற வேண்டும். அவர்கள் உங்கள் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிட்டுத் தங்கள் கணக்கில் ஜிபிஏ போடுவார்கள். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கும் சேர்ந்தது அறிவியல் ஜிபிஏ. மற்ற பாடங்களுக்குத் தனி ஜிபிஏ. ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய கிரேடு அழியாது, இரண்டும் சேரும். இளநிலை நான்கு வருடங்களுக்கு வருடவாரியாக ஒவ்வொரு வரி. பட்டம் முடித்த பிறகு எடுத்த இளநிலைப் பாடங்களுக்கு ஒரு வரி. இவை எல்லாம் கூடி மொத்த இளநிலை ஜிபிஏ வரும். பட்டமேற்படிப்புக்கு அடியில் தனி வரி. அந்த வரி எதனோடும் கூடாது.

ஏஏஎம்சி வருடாவருடம் வெளியிடும் அட்டவணைகளில் ஒன்று, எந்த ஜிபிஏவுக்கும், மருத்துவ நுழைவுத்தேர்வான எம்கேட்டின் எந்த மார்க்குக்கும் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று கட்டம் போட்டுக் காட்டும். விண்ணப்பிக்கும் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் அட்டவணை அது. அதில் இருப்பது இளநிலை ஜிபிஏ மட்டும். பட்டமேற்படிப்புக்கு அதில் இடமே இல்லை. 2023-24இல் சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.77 என்று சொல்வதும் இந்த இளநிலைக் கணக்குதான். ஒரு கல்லூரி உங்களைச் சேர்த்துக்கொண்டால் அதன் சராசரி ஏறுவதும் இறங்குவதும் உங்கள் இளநிலை எண்ணால். இரண்டாவது எம்எஸ்ஸில் நீங்கள் 3.9 வாங்கினாலும் அது அந்தச் சராசரிக்குள் போகாது. பழைய 3.07ஓடு சேர்ந்து பட்டமேற்படிப்பு வரி 3.48, 3.49 என்று நிற்கும். முதல் எம்எஸ்ஸின் கிரேடுகளும் அப்படியே வரிசையாகக் கண்ணில் படும்.

இந்தியாவில் பி.இ. படித்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். வெளிநாட்டுக் கல்லூரியில் படித்த பாடங்களை ஆம்காஸ் ஜிபிஏவில் சேர்ப்பதில்லை. கல்லூரியின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நகர வேண்டியதுதான். நான் ராத்திரி பகலாக அரியர் இல்லாமல் முடித்த நாலு வருடமும் அந்தப் படிவத்தில் வெற்றிடம். இளநிலை வரிகள் எல்லாம் காலி. கீழே பட்டமேற்படிப்பு வரியில் மட்டும் 3.07. என்னைப் பற்றி இந்த நாட்டுக்குத் தெரிந்த ஒரே எண் அதுதான்.

முதலில் இதைப் பார்த்தபோது தலை சுற்றியது. யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு வசதியும் இருந்தது. இங்கேயே இளநிலை படித்து 120 கிரெடிட்டில் (கிரெடிட் என்பது பாடத்தின் எடைக்கான அலகு) 3.4 வைத்திருக்கும் ஒருவர், மேலே 30 கிரெடிட் எடுத்து அத்தனையிலும் ஏ வாங்கினாலும் 3.52க்குத்தான் வருவார். எனக்கு இளநிலைக் கணக்கே இன்னும் தொடங்கவில்லை. நான் எடுக்கப் போகும் முதல் பாடத்திலிருந்துதான் அது ஆரம்பமாகும்.

அம்மாவுக்கு இதை விளக்கப் போய்த் தோற்றேன். "ஏட்டி, எம்எஸ் முடிச்சவ திரும்பவும் முதல் வருசப் பிள்ளைகளோட உக்காந்து படிக்கவா அமெரிக்கா போனே? பேசாம இன்னொரு எம்எஸ் படிச்சிரு." என் கணவர் அவ்வளவு தூரம் போகவில்லை. "முதல் ஒரு வகுப்பு எடுத்துப் பாருமன், பிறகு யோசிப்பம்" என்றார்.

கலிபோர்னியாவில் இருந்ததால் செலவு தாங்கியது. இங்கே கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு, அதாவது கிரெடிட்டுக்கு, 46 டாலர். 2012 முதல் அதே கட்டணம். பொது வேதியியல், கரிம வேதியியல், உயிரியல், இயற்பியல் எல்லாம் ஆய்வகத்தோடு அங்கே எடுத்தேன். வேலை முடிந்து சாயங்கால வகுப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்தொன்பது வயதுப் பையன் நான்தான் ஆசிரியை என்று நினைத்து டைட்ரேஷன் சரியா என்று காட்டினான். சரியில்லை, சொல்லிக்கொடுத்தேன்.

சில மருத்துவக் கல்லூரிகள் கம்யூனிட்டி காலேஜ் கிரேடுகளைக் கொஞ்சம் குறைவாகத்தான் எடைபோடும். அதனால் உயிர்வேதியியல், மரபியல், உடலியங்கியல் போன்ற மேல்நிலைப் பாடங்களை மாநிலப் பல்கலைக்கழகத்தில் எடுத்தேன். 'கால் ஸ்டேட்' எனப்படும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக வளாகங்களில் ஓப்பன் யூனிவர்சிட்டி என்று ஒரு ஏற்பாடு உண்டு. பட்டப்படிப்பில் சேராமலே, காலியிடம் இருந்தால் வகுப்பில் உட்காரலாம். முதல் நாள் போய் ஆசிரியரிடம் கையெழுத்துக்குக் கெஞ்ச வேண்டும். கட்டணமும் பல மடங்கு. ஆனால் ஆம்காஸில் அந்தப் பாடங்கள் விழுவது இளநிலை வரியில், அதுவும் அறிவியல் கணக்கில். என் எம்எஸ்ஸில் இருந்தவை பெரும்பாலும் பொறியியல் பாடங்கள், 'மற்றவை' பக்கம் போய்விட்டன. ஆக, அறிவியல் ஜிபிஏ என்ற கட்டத்தில் புதிதாக வாங்கியது மட்டும்தான் நின்றது.

இதற்கு நேர் எதிராக ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் என்று ஒன்றைப் பலர் சொல்வார்கள். மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர்கள் படிக்கும் பாடங்களையே படித்து, அவர்களோடு ஒப்பிட்டு மார்க் வாங்கும் ஒரு வருட எம்எஸ். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் நடப்பது இவற்றில் பழமையானதும் பெயர் பெற்றதும். இதை நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இளநிலையில் ஏற்கெனவே 150, 160 கிரெடிட் குவிந்து 3.1இல் உறைந்துபோனவருக்கு, இனி எத்தனை பாடம் எடுத்தாலும் எண் அசையாது. அவருக்கு இது ஒரு வாசல். பட்டமேற்படிப்பில்தான் சறுக்கினார் என்றால், மருத்துவப் பாடத்தையே தாங்கிக் காட்டியதாகவும் ஆகும். ஆனால் அங்கே பி வாங்கினால் கதை முடிந்தது. முதலாண்டுப் பாடத்திலேயே இவர் திணறுகிறார் என்பதற்கு நீங்களே காசு கட்டி ஆதாரம் தயாரித்துக் கொடுத்த மாதிரி. பொதுச் சுகாதாரம், டேட்டா சயின்ஸ் என்று மருத்துவத்தோடு ஒட்டாத எம்எஸ்ஸில் சேர்ந்து ஜிபிஏவைக் கழுவப் பார்ப்பது பற்றிப் பேசவே வேண்டாம். அந்தப் படிப்பு பிடித்திருந்தால் படியுங்கள், அது வேறு.

அடுத்த நம்பிக்கை எம்கேட். "எம்கேட்டில் 520 தட்டிவிட்டால் ஜிபிஏவை யார் பார்க்கப் போகிறார்கள்?" இது நம் ஊர்ப் பழக்கம். ஒரு காலத்தில் பிளஸ் டூ கட்ஆஃப், 2017 முதல் நீட். எதுவாக இருந்தாலும் ஒரே எண், ஒரே தரவரிசைப் பட்டியல், கவுன்சலிங் ஹாலில் உங்கள் முறை வந்தால் இடம். பள்ளியில் இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்று நீட் கேட்காது. எம்கேட் அப்படி வேலை செய்யாது. 472இலிருந்து 528 வரை மதிப்பெண், நான்கு பகுதிகள், இடைவேளையோடு ஏழரை மணி நேரம். அதில் ஒரு பகுதி வெறும் வாசிப்பு: பாடம் எதுவும் கிடையாது, தத்துவமும் கலையும் பற்றிய பத்திகளைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருக்கும் எங்களைப் போன்றவர்களை அதிகம் அடிப்பது அந்தப் பகுதிதான். எனக்கு 511 வந்தது. எம்.டி. கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரிக்குப் பக்கத்தில். அந்த எண் என் 3.07ஐ அழிக்கவில்லை. பழைய எம்எஸ்ஸையும் புதிய உயிர்வேதியியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு, எது இன்றைய நிலவரம் என்று சொல்ல உதவியது, அவ்வளவுதான். பழைய கிரேடு மோசம், புதிய கிரேடு நல்லது, எம்கேட்டும் புதியதோடு ஒத்துப்போகிறது. எம்கேட் பிரமாதமாக இருந்து சமீபத்திய பாடங்கள் ஒன்றுமே இல்லையென்றால், கெட்டிக்காரர்தான், ஆனால் நாலு வருடம் தொடர்ந்து உட்கார்ந்து படிப்பாரா என்ற சந்தேகம் வரும். மருத்துவக் கல்லூரி பயப்படுவது அதற்குத்தான்.

எம்எஸ்ஸில் இரண்டாவது செமஸ்டரில் எனக்கு மொத்த ஜிபிஏ 3.0க்குக் கீழே போய் ஒரு செமஸ்டர் புரொபேஷனில் இருந்தேன். ராண்டம் பிராசஸஸ் என்ற நிகழ்தகவுப் பாடம் உட்பட மூன்று கனமான பாடங்கள், கூடவே லேபில் வாரம் இருபது மணி நேர வேலை. ஆம்காஸில் ஒரு கேள்வி இருக்கிறது: படிப்பில் குறைவுக்காகவோ நடத்தைக்காகவோ எந்தக் கல்லூரியாவது உங்கள் மேல் நடவடிக்கை எடுத்திருக்கிறதா? பலர் இதை ராகிங், காப்பியடித்தல் போன்றவற்றுக்கு என்று நினைத்து 'இல்லை' என்று தட்டிவிடுகிறார்கள். புரொபேஷனும் இதில் வரும். டிரான்ஸ்கிரிப்டில் அச்சாகவில்லை என்றாலும் வரும். சந்தேகம் இருந்தால் உங்கள் பழைய பல்கலைக்கழகத்தின் ரிஜிஸ்டிரார் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் கிடைத்த இடமும் போகும். ஒரு பி மைனஸுக்காக யாரும் உங்களை நேர்மையில்லாதவர் என்று சொல்லப் போவதில்லை.

'ஆம்' என்று சொன்னால் விளக்கம் எழுத 1,325 எழுத்துகள்தான் இடம், இடைவெளியையும் சேர்த்து. எந்த செமஸ்டர், ஏன், எப்போது நீங்கியது, அப்புறம் என்ன கிரேடு. நான் இதற்கு மேல் ஒரு வரியும் எழுதவில்லை. வெளிநாட்டில் தனியாக இருந்தேன், குளிர், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றெல்லாம் எழுதத் தோன்றும். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் படிக்கிறவர் அடுத்து நினைப்பது, மருத்துவக் கல்லூரியும் தனிமைதானே, குளிர்தானே என்று.

5,300 எழுத்துகளுக்கான முதன்மைக் கட்டுரையில் ஜிபிஏ பற்றி ஒரு சொல் கூட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 'பலவீனத்தை நேராக எதிர்கொள்' என்பார்கள். எதிர்கொள்ளத் தனி இடம் இருக்கிறது. பல கல்லூரிகள் ஆம்காஸுக்குப் பிறகு தாங்களே அனுப்பும் இரண்டாம் கட்டப் படிவத்தில் படிப்பில் ஏதாவது தடங்கல் உண்டா என்று தனியாகவே கேட்கும். முதன்மைக் கட்டுரை ஏன் மருத்துவம் என்பதற்கு. அதில் பாதியை 3.07க்குக் கொடுத்தால், உங்களைப் பற்றி நினைவில் நிற்பது அந்த எண் மட்டும்தான்.

பிஎச்டியைப் பாதியில் விட்டு எம்எஸ்ஸோடு வெளியே வந்தவர்களுக்கு ஜிபிஏவை விட இன்னொன்று முக்கியம்: பழைய ஆய்வு வழிகாட்டியின் கடிதம். அது இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேட்பார்கள். கசப்போடு பிரிந்திருந்தால் குழுவில் இருந்த இன்னொரு பேராசிரியரையாவது பிடியுங்கள். இன்னும் பிஎச்டியில் இருந்துகொண்டே விண்ணப்பிப்பவர்கள், பட்டத்தை முடித்துவிட்டுத்தான் சேர வேண்டும் என்று பல கல்லூரிகள் நிபந்தனை வைப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டி.ஓ. பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அதற்குத்தான் உறவினர்களிடம் அதிக விளக்கம் கொடுத்திருக்கிறேன். "எலும்பு வைத்தியமா?" என்று சித்தி கேட்டார். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1892இல் மிசௌரியின் கர்க்ஸ்வில்லில் தொடங்கிய கல்லூரியிலிருந்து வந்த ஆஸ்டியோபதி மரபு இது. கையால் செய்யும் சிகிச்சை முறை ஒன்று கூடுதல் பாடமாக உண்டு. மற்றபடி அதே உடற்கூறு, அதே மருந்தியல், 50 மாநிலங்களிலும் முழு உரிமம். 2020 முதல் எம்.டி., டி.ஓ. இருவருக்குமான ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி, ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பி வந்து பிராக்டிஸ் செய்யும் எண்ணம் இருந்தால் மட்டும் அங்கே இருக்கும் விதிகளைத் தனியாகப் பாருங்கள். 'ஆஸ்டியோபத்' என்ற பெயருக்குப் பல நாடுகளில் வேறு அர்த்தம்.

டி.ஓ. விண்ணப்பத்தில் திரும்ப எடுத்த பாடத்துக்குக் கடைசி கிரேடு மட்டும்தான் என்ற விதி முன்பு இருந்தது. 2017இல் எடுத்துவிட்டார்கள். இன்னும் அதை நம்பி எல்லாவற்றையும் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறவர்களைப் பார்க்கிறேன். சி வாங்கியதைத் திரும்ப எடுங்கள். பி வாங்கியதை விட்டுவிட்டு மேல்நிலைப் பாடத்துக்குப் போங்கள்.

நேர்முகத்தில் ஒரு இடத்தில்தான் ராண்டம் பிராசஸஸில் நான் வாங்கிய சி பிளஸ் பற்றிக் கேட்டார்கள். ராண்டம் பிராசஸஸ் என்றால் என்ன என்று கேட்டார் அந்த மருத்துவர், நிஜமாகவே தெரிந்துகொள்ள. இதயத் துடிப்புகளுக்கு இடையே இருக்கும் நேர வேறுபாட்டை வைத்து விளக்கினேன். அவர் இதய மருத்துவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பேச்சு அங்கேயே ஓடிவிட்டது, கிரேடுக்குத் திரும்பவில்லை. எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்லவில்லை.

பணத்துக்கு ஒரு கணக்கு: 2024இல் ஆம்காஸில் முதல் கல்லூரிக்கு 175 டாலர், அடுத்து ஒவ்வொன்றுக்கும் 46. எம்கேட்டுக்கு 300க்கு மேல். இரண்டாம் கட்டப் படிவத்துக்குக் கல்லூரிக்கு நூறு டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்புவதற்கு முன்னால் ஏஏஎம்சியின் எம்எஸ்ஏஆர் தரவுத்தளத்துக்குச் சந்தா கட்டி, ஒவ்வொரு கல்லூரியும் யாரைச் சேர்த்திருக்கிறது என்று பார்ப்பது உத்தமம். சராசரியை மட்டும் பார்க்காமல், கீழ் 10 சதவீதத்தினரின் ஜிபிஏ என்ன என்று பாருங்கள். உங்கள் எண் அதற்கும் கீழே என்றால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

இந்தியப் பட்டம் வைத்திருப்பவர்கள் வகுப்புகளில் சேர்வதற்கு முன்னாலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பல கல்லூரிகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ இத்தனை கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும். சில இடங்களில் அது 90. எம்எஸ் பாடங்களை அந்தக் கணக்கில் சேர்ப்பார்களா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், தளத்தில் தெளிவாக எழுதியும் இருக்காது. சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: வெளிநாட்டு இளநிலை, இங்கே எம்எஸ் இத்தனை கிரெடிட், பட்டத்துக்குப் பின் இளநிலைப் பாடங்கள் இத்தனை கிரெடிட், இது போதுமா? கம்யூனிட்டி காலேஜ் பாடங்களை ஏற்பீர்களா? தொலைபேசியில் கேட்டால் எடுப்பவரைப் பொறுத்துப் பதில் மாறும், அதனால் எழுத்தில் கேளுங்கள். பதிலைப் பிடிஎஃப் ஆக்கிக் கல்லூரிப் பெயரில் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். எனக்கு ஒரு கல்லூரி முதலில் தகுதியில்லை என்று எழுதியது, அவர்கள் முன்பு அனுப்பிய பதிலை நான் இணைத்து அனுப்பியதும் மறுநாளே இரண்டாம் கட்டப் படிவம் வந்தது.